எந்த ஊர் என்பதற்கு அடுத்த கேள்வி

தஞ்சாவூர் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில், வெளிநாடு போகும் நர்சுகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். ஜெர்மன் உண்டு, டச்சும் உண்டு. அதை நடத்துகிற பெண் போன மாதம் என் வீடு தேடி வந்தார். இந்தப் பக்கத்தில் டச்சு சொல்லிக்கொடுத்த பழைய ஆள் நான்தான் என்று யாரோ சொன்னார்களாம். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார். எனக்கு எழுத வராது என்று சொல்லிப் பார்த்தேன். சரி சார் என்று தலையை ஆட்டிவிட்டு, பாடப்புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கெட்டிக்காரப் பெண்.

இரண்டு நாள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் முதல் பாடத்தைப் பிரித்தேன். உங்கள் பெயர் என்ன, நீங்கள் எந்த ஊர், எல்லாம் எங்கள் காலத்துப் பாடம் மாதிரியே இருந்தது. அதற்கு அடுத்த கேள்வி என்ன என்று பார்க்கத்தான் கண்ணாடியைத் தேடினேன். 'நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று இருந்தது. அப்பாடா என்று புத்தகத்தை மூடினேன். எழுபது வயதைத் தாண்டியவன் ஒரு பாடப்புத்தகத்தைப் பார்த்து ஏன் இப்படிப் பெருமூச்சு விட வேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டச்சு கற்றுக்கொண்ட கதை சின்னது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலில் ஸ்டோர் ரூம் வேலைக்குப் போய், கடைசியில் ராட்டர்டாம் துறைமுகத்துக் கிடங்கில் நாலு வருஷம் கிடந்தேன். கிடங்கில் இருந்தவர்கள் என்னைத் திட்டியதெல்லாம் டச்சில்தான். பதிலுக்குத் திட்ட வேண்டும் என்ற வெறியில் மூன்றே மாதத்தில் பேச வந்துவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாத்தியாருக்கு ஆகாத குணம் என்பார்கள், ஆனால் என்னை வாத்தியார் ஆக்கியதே அந்தக் கோபம்தான்.

அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்து ஊர் திரும்பினேன். எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். எழுபதுகளின் தொடக்கம் அது. உச்சவரம்புச் சட்டம் வந்து, நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாம் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். கிழக்கே நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி பக்கம் அறுவடைக் கூலித் தகராறு. ஊருக்கு ஊர் சிவப்புக் கொடி, வரப்புக்கு வரப்பு போலீஸ். எங்கள் வீட்டு நிலமும் பாதி குத்தகைக்காரர் கைக்குப் போயிருந்தது. எனக்கு ஒரு சம்பளம் வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், டச்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

விஷயம் இதுதான். ஹாலந்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நர்சுகள் தட்டுப்பாடு. இங்கே பயிற்சி முடித்த பெண்களுக்கு ஆறு மாதம் டச்சு சொல்லிக்கொடுத்து, அங்கிருந்து மேட்ரன் வந்து நேர்முகமாகப் பரீட்சை வைத்து, தேறியவர்களை அழைத்துப் போவார்கள். மொழிப் பிரிவுக்குத் தலைவி மிஸ் வில்லெமீன். எல்லாருக்கும் அவர் பெரிய மிஸ்.

பெரிய மிஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஐம்பது வயது இருக்கும். ஆறடி உயரம். ஆண்கள் ஓட்டும் சைக்கிளில்தான் வருவார். அவர் தமிழ் கற்றது ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து, அதில் மரியாதைப் பேச்சு மட்டும்தான் இருந்திருக்கிறது. ஆகையால் எல்லாருக்கும் 'ங்க'தான். கலெக்டருக்கும் வாங்க, கக்கூஸ் கழுவ வருகிற அம்மாளுக்கும் வாங்க. வகுப்புக்குள் நுழைந்த நாயிடம்கூட, "வெளிய போங்க" என்றுதான் சொன்னார். நாயும் போனது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். புத்தகத்தில் விட்டுப்போன பாடம் என்று நானும் சிரித்தேன்.

அவர் யாரையும் சத்தம் போட்டதில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒரு பழக்கம் இருந்தது. தப்பு எதையாவது பார்த்தால், "வாரோம்?" என்பார். டச்சில் 'ஏன்' என்று அர்த்தம். கேட்டுவிட்டு, மேசையில் ஒரு காகிதத்தை விரித்து, சின்னப் பிளேடால் பென்சிலைச் சீவ ஆரம்பிப்பார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். சுருள் சுருளாகக் காகிதத்தில் விழும். பென்சில் கூராவதற்குள் எதிரே நிற்பவர் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவார். பதினோரு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். அந்தப் பென்சிலை அவர் முழுசாகச் சீவி முடித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அந்தக் கதைக்கு வருகிறேன்.

என் வகுப்பு முறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெஞ்சை எதிரெதிரே போடுவேன். ஒரு பக்கம் கேட்கிறவர்கள், மறு பக்கம் பதில் சொல்கிறவர்கள். நான் கையைத் தட்டினால் கேட்கிற பெஞ்சில் ஒவ்வொருவரும் ஓர் இடம் நகர வேண்டும். இப்படி ஒரு மணி நேரத்தில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்டு முடித்துவிடுவார்கள். கேள்விகளை அட்டையில் தமிழ் எழுத்திலேயே எழுதி, வரிசை நம்பர் போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருப்பேன். முதல் அட்டை, 'வார் கோம்ட் யூ ஃபன்டான்?' நீங்கள் எந்த ஊர் என்பது. அதற்குப் பதில், 'இக் கோம் அய்ட்' என்று தொடங்கி ஊர் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டாவது அட்டை, 'இன் வெல்க ஸ்ட்ராட் வோன்ட் யூ?' எந்தத் தெருவில் இருக்கிறீர்கள்?

இந்த இரண்டாவது அட்டை ஹாலந்திலிருந்து வந்த புத்தகத்தில் இல்லை. நானாகச் சேர்த்தது. ஏன் சேர்த்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டால் அடுத்தது எந்தத் தெரு என்றுதானே கேட்போம்? பேச்சு அப்படித்தானே போகும்? நம் பெண்களுக்குப் பழகிய பேச்சாக இருந்தால் மொழி சீக்கிரம் வரும் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

அந்த வருஷத்து வகுப்பில் பன்னிரண்டு பெண்கள். அதில் பாக்கியம் என்று ஒருத்தி. அரசாங்க ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிக்கூடம் முடித்து, நர்ஸ் பயிற்சியிலும் முதல் மார்க் வாங்கியவள். ரிஜிஸ்டரில் அவள் ஊர் நாவல்திடல் என்று இருந்தது. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே உள்ளே போக வேண்டும். அப்பா கூலி வேலை. டச்சு அவள் நாக்கில் அவ்வளவு சுலபமாக உட்கார்ந்தது. தொண்டையிலிருந்து வர வேண்டிய 'ஹ' சத்தம் மற்றவர்களுக்கு இருமலாக வரும், இவளுக்கு மட்டும் பேச்சாக வந்தது.

முதல் நாள் முதல் அட்டைக்கு அவள் ஒழுங்காக, 'இக் கோம் அய்ட் நாவல்திடல்' என்றாள். எதிரே இருந்த பெண் இரண்டாவது அட்டையைப் பார்த்துப் படித்தாள். பாக்கியம் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் சார் என்று வெளியே போனாள். அந்த மணி முடியும்வரை வரவில்லை. நான், வகுப்பு நடக்கும்போது என்ன தண்ணீர் என்று அவளைக் கடிந்துகொண்டேன். மறுநாள் முதல் அட்டைக்குப் பதிலாக, 'இக் கோம் அய்ட் வேளாங்கண்ணி' என்றாள். தெருவைக் கேட்டதும், 'கெர்க்ஸ்ட்ராட்' என்றாள். கோயில் தெரு. உச்சரிப்பு அச்சு அசலாக இருந்தது. சபாஷ் என்றேன். ரிஜிஸ்டரில் வேறு ஊர் இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. குடும்பம் இடம் மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்படி ஐந்து மாதம் ஓடியது. அவள் தினமும் வேளாங்கண்ணிக்காரியாக இருந்தாள்.

ஒரு நாள் பெரிய மிஸ் வகுப்பில் வந்து பின்னால் உட்கார்ந்தார். மணி அடித்துப் பெண்கள் போன பிறகு, சுவரில் இருந்த இரண்டாவது அட்டையைக் காட்டி, "வாரோம்?" என்றார். பிளேடை எடுத்தார். இது எங்கள் பக்கத்துப் பழக்கம் என்றேன். பென்சில் சுருள் விழுந்தது. கடிதம் போட வசதியாக இருக்கும் என்றேன். இன்னொரு சுருள். வழி தெரிந்துகொள்ள என்றேன். அவர் சீவிக்கொண்டே இருந்தார். பென்சில் ஊசி மாதிரி ஆகிவிட்டது. முழுசாகச் சீவி முடித்தது அன்றைக்குத்தான். காகிதத்தை மடித்துக் கூடையில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை பார்க்கலாங்க என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கிருந்தோ வந்த அம்மாள், எங்கள் பேச்சை ஏன் என்று கேட்க இவர் யார் என்று பஸ்ஸில் திருவையாறு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கூடத்தில் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு நோட்டு. அறுவடைக்கு ஆள் பேச வந்தவர் போல இருந்தது.

"வாங்க, உக்காருங்க. எந்த ஊரு?" என்றார் அப்பா.

அவர் ஏதோ ஓர் ஊரைச் சொன்னார்.

"அங்க எந்தத் தெரு?"

அவர் தெருவைச் சொன்னார்.

"என்ன விஷயமா வந்தே?" என்றார் அப்பா.

உட்காரச் சொன்ன நாற்காலி அங்கேயேதான் இருந்தது. அவர் உட்காரவில்லை, அப்பா மறுபடி சொல்லவும் இல்லை. நின்றபடியே கூலி விவரத்தை நிதானமாகப் பேசி முடித்துவிட்டு அவர் போனார். அப்பா ஒன்றும் நடக்காதது போல வெற்றிலையை எடுத்தார். அவரைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லைதான். நானும் பிறந்த நாள் முதல் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. 'வாங்க' என்பதற்கும் 'வந்தே' என்பதற்கும் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அந்தக் கேள்வியை நான் அட்டையில் எழுதி, நம்பர் போட்டு, சுவரில் தொங்கவிட்டிருந்தேன்.

வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை யாரும் வருமுன் போய் அந்த அட்டையை எடுத்துக் கிழித்துப் போட்டேன். பிறகு வந்த பெரிய மிஸ் வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார். நான் செய்திருக்க வேண்டியது இன்னொன்று இருந்தது. பாக்கியத்தைக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. என்னவென்று கேட்பது? உன் தெரு எது என்றா? போதாததற்கு அதே வாரம் நாவல்திடலின் பெயர் பேப்பரில் வந்தது. அறுவடைத் தகராறில் இருபது பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதில் அவள் அப்பாவும் ஒருவர். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள் என்றாலும் அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. பரீட்சை முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நானும் தள்ளிப்போட்டேன்.

பரீட்சை நாள் வந்தது. ஹாலந்து மேட்ரன் குட்டையாக, கண்டிப்பான முகத்தோடு இருந்தார். அவருக்கு வலது பக்கம் ஒரு கூடை, இடது பக்கம் ஒரு கூடை. தேறியவர்களின் பைல் வலது, தேறாதவர்களுடையது இடது. முந்தின வருஷம் வேறு ஊரில் ஒரு பெண் தன் சித்தி மகளின் சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டதால், இந்த முறை ஒரே கெடுபிடி. வாயால் சொல்லும் விவரமும் காகிதமும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சே இல்லை, இடது கூடைதான். நான் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பரீட்சை நடக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்குச் சொல்லியிருந்த சட்டம்.

ஏழாவது ஆளாகப் பாக்கியம் வந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. மேட்ரன், "வார் கோம்ட் யூ ஃபன்டான்?" என்றார்.

"இக் கோம் அய்ட் வேளாங்கண்ணி."

மேட்ரன் காகிதத்தைப் பார்த்தார். அதே கேள்வியை மறுபடி, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பாக்கியம் மறுபடி வேளாங்கண்ணி என்றாள். ஐந்து மாதம் நான் சபாஷ் சொல்லிப் பழக்கிய பதில், வேறு எப்படி வரும்? மேட்ரன் பைலை மூடி இடது கூடையில் போட்டார். அவ்வளவுதான். வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிற பெண், இரண்டு வாக்கியத்தில் வெளியே போனாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் பெரிய மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் வாரோம் என்று கேட்பதற்குள், பிளேடைத் தொடுவதற்குள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அட்டை, தண்ணீர் குடிக்கப் போனது, ரிஜிஸ்டர், எங்கள் வீட்டு நாற்காலி, எதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டார். இதை நீங்கள் என்னிடம் சொல்லிப் பயன் இல்லை, பாக்கியமே தானாக வந்து தன் வாயால், இன்னொரு முறை கேளுங்கள் என்று சொன்னால் மேட்ரன் கேட்பார், நாலு மணிக்குத் தேறியவர்கள் பட்டியலில் கையெழுத்து, அதுவரை நேரம் இருக்கிறது என்றார்.

வெளியே வந்து நாலடி வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. மேட்ரன் கையில் இருந்த கேள்விப் பட்டியல் நான் டைப் அடித்தது. பாடம் தொடங்கிய முதல் மாதமே அடித்துப் பெரிய மிஸ்ஸிடம் கொடுத்திருந்தேன். அதில் இரண்டாவது கேள்வி, எந்தத் தெரு? சுவரில் இருந்ததைக் கிழித்தேனே தவிர, பட்டியலில் இருந்தது என் நினைவுக்கே வரவில்லை. பாக்கியம் முதல் கேள்வியோடு நின்றதால் அது அவளிடம் போகவில்லை. மற்ற பெண்களிடம் மேட்ரன் பட்டியலை வரிசையாகக் கேட்கவில்லை, அங்கே ஒன்று இங்கே ஒன்றாகக் கேட்டார். இப்போது இவள் போய் நாவல்திடல் என்றால் அடுத்து அதுதான் வருமோ?

பாக்கியம் விடுதிக்குப் பின்னால் அடிபம்புக்குப் பக்கத்தில், புங்க மரத்தடியில், தன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பியாகிவிட்டது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"வேளாங்கண்ணின்னு ஏம்மா சொன்னே?" என்று கேட்டேன்.

"அங்க மட்டும்தான் சார் யாரும் தெருவைக் கேக்க மாட்டாங்க. அங்க எல்லாரும் வெளியூருலேர்ந்து வந்தவங்க."

அவள் பம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பஸ்ல கேப்பாங்க. பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. பிரசவ வார்டுல வலி தாங்காம என் கையைப் புடிச்சிக்கிட்டுக் கத்துற பொம்பளகூட நடுவுல கேப்பா சார். சொன்னதும் கையை எடுத்துக்குவா. டச்சுல அந்தக் கேள்வி இருக்காதுன்னு நெனச்சித்தான் இங்க வந்தேன். நீங்க அட்டையில எழுதி வெச்சிருந்தீங்க."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "தப்பு என்னோடதும்மா" என்றேன். அந்த வயது வரைக்கும் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. இன்னொரு முறை கேட்கச் சொல்லலாம் என்ற விஷயத்தைச் சொன்னேன். அவள் பெட்டியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ஊரைச் சொன்னா அடுத்து அதைத்தானே சார் கேப்பாங்க?"

மாட்டார்கள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஐந்து மாதமாக அவளுக்கு நான் கொடுத்ததெல்லாம் போதாதா? "கேக்கலாம். அந்தப் பட்டியலை டைப் அடிச்சவனே நான்தான்" என்றேன்.

அவள் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப என்னதான் சார் செய்யறது?"

எனக்கு அப்போதுதான் தோன்றியது. "கேட்டா, ஏன் கேக்கறீங்கன்னு திருப்பிக் கேளு. வாரோம் ஃப்ராஹ்ட் யூ டாட்."

"அவங்க மேட்ரன் சார்."

"இருக்கட்டும். பெரிய மிஸ் நம்ம எல்லாரையும் தெனம் கேக்கறாங்களே, அதே ஏன்தான். நீ கேட்டா பதில் சொல்லட்டும்."

அவள் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு முறை, இரண்டு முறை. பம்பை அடித்து முகம் கழுவிக்கொண்டாள். பெட்டியை மரத்தடியிலேயே விட்டுவிட்டு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

மணி இரண்டரை. உள்ளே மேட்ரன், பெரிய மிஸ் இருவரும் பட்டியலை வைத்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் நேராகப் போய், இன்னொரு முறை கேளுங்கள் என்று டச்சில் சொன்னாள். மேட்ரன் பெரிய மிஸ்ஸைப் பார்த்தார். பெரிய மிஸ் சன்னலைப் பார்த்தார். இடது கூடையிலிருந்து பைல் மேசைக்கு வந்தது.

"வார் கோம்ட் யூ ஃபன்டான்?"

"இக் கோம் அய்ட் நாவல்திடல்."

காகிதத்திலும் அதுதான் இருந்தது. அப்படியென்றால் காலையில் ஏன் வேறு ஊர் சொன்னீர்கள் என்று மேட்ரன் கேட்டார். பாக்கியம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இக் வாஸ் பாங்" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே பிடித்தாளோ தெரியாது.

மேட்ரன் கேள்விப் பட்டியலைக் கையில் எடுத்தார். அவர் விரல் முதல் வரியில் இருந்து இரண்டாவது வரிக்கு இறங்கியது. நான் மூலையில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பாக்கியத்தின் உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன். வாரோம் ஃப்ராஹ்ட் என்று சொல்லிப் பார்க்கிறாள். ஸ்வாமி, இந்த ஒரு தடவை காப்பாற்று என்று ஐயாறப்பரை வேண்டிக்கொண்டேன்.

"ரேஹென்ட் ஹெட் டார் ஃபேல்?" என்றார் மேட்ரன்.

அங்கே மழை நிறையப் பெய்யுமா?

பாக்கியம் ஒரு கணம் விழித்தாள். வேறு ஒன்றுக்குத் தயாராக நின்றவள் அல்லவா. பிறகு அவள் முகம் மலர்ந்ததே, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெய்யும், நிறையப் பெய்யும் என்றாள். ஐப்பசி கார்த்திகையில் விடாமல் பெய்யும், வாய்க்கால் உடைத்துக்கொள்ளும், தண்ணீர் வீட்டுக்குள் வரும், அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்போம், ஆட்டுக்குட்டியும் கட்டில்மேல்தான் நிற்கும் என்றாள். கட்டிலுக்கு டச்சில் வார்த்தை தெரியாமல் கையால் செய்து காட்டினாள். மேட்ரன் சிரித்துவிட்டார். எங்கள் ஊரிலும் அப்படித்தான், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம் வந்தது, நாங்கள் மாடியில் பன்றிக்குட்டியோடு இருந்தோம் என்று அவர் ஆரம்பித்தார். இரண்டு பேரும் கால் மணி நேரம் வெள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் எப்போது பைல் வலது கூடைக்குப் போனது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது அங்கே இருந்தது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

எல்லாரும் போன பிறகு மேசையில் கிடந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நான் டைப் அடித்த இரண்டாவது வரியைப் பென்சிலால் ஒரே கோடாக அடித்திருந்தது. மேலே சின்ன எழுத்தில் மழைக் கேள்வி. ஊசி மாதிரிக் கூரான பென்சிலால் எழுதிய எழுத்து. அன்றைக்குச் சீவிய பென்சில்தான்.

சைக்கிள் ஸ்டாண்டில் பெரிய மிஸ்ஸைப் பிடித்தேன். அந்த வரியை அடித்துவிட்டதை மத்தியானமே சொல்லியிருக்கலாமே, நான் செத்துப் பிழைத்தேன் என்று கோபித்துக்கொண்டேன்.

அவர் தமிழிலேயே சொன்னார். "அந்தப் பயம் உங்களுக்கும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நெனச்சேங்க."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவருடைய 'ங்க'வைக் கேட்டு நான் சிரித்ததில்லை.

பாக்கியம் ஹாலந்து போனாள். முதலில் எல்லாரும் போடுவதுபோல் பொங்கல் வாழ்த்து வந்தது. பிறகு அப்பாவுக்கு ஊரில் கல்வீடு கட்டிக்கொடுத்ததாக எழுதினாள். வாசலை ஓர் ஆள் உயரம் தூக்கிக் கட்டியிருப்பதாகவும், இனி தண்ணீர் வராது என்றும் எழுதியிருந்தாள். நானும் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலம் கழித்துத் தெருப் பெயர்ப் பலகைகளில் சாதிப் பெயர் கூடாது என்று உத்தரவு வந்து, எங்கள் ஊரிலும் தார் டின்னோடு வந்து அழித்துவிட்டுப் போனார்கள். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர் என்று ஆரம்பித்தால், இப்போதும் நான் சன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போல் பாவனை செய்வேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று சின்னதாக ஒரு விருந்து வைத்தார்கள். பெரிய மிஸ் அதற்கு முன்பே தன் நாட்டுக்குப் போய்விட்டிருந்தார். லீவில் வந்திருந்த பாக்கியம் கேள்விப்பட்டு வந்தாள். தலையில் லேசாக நரை. இனி 'வந்தாள்' என்று எழுதக் கூடாது, வந்தார். மாலை எல்லாம் போட்டு முடித்து, தட்டில் கேசரியும் பஜ்ஜியுமாக இருவரும் ஓரமாக உட்கார்ந்தோம்.

"சார், ஒண்ணு கேக்கணும். நீங்க எந்த ஊரு?"

அத்தனை வருஷத்தில், நான் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த அத்தனை பெண்களில், ஒருத்தர்கூட என்னை அதைக் கேட்டதில்லை. நான் ஊர் பெயரைச் சொன்னேன். திருவையாற்றுக்குப் பக்கம், ஆற்றங்கரை என்றேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்ததைக் கேட்பதற்காக என் முகத்தைப் பார்த்தார்.

கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்க உரிமை உள்ளவர் ஒருவர் உண்டென்றால் அது இவர்தான். கேட்டால் எங்கள் தெருவைச் சொல்ல வேண்டும், எங்கள் கூடத்து நாற்காலியைச் சொல்ல வேண்டும். கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"அங்க மழை நல்லா பெய்யுமா சார்?" என்றார்.

பெய்யும்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பெய்யுங்க" என்றேன். "நல்லா பெய்யுங்க."